சுடாத துப்பாக்கி

“யாரு சுட்டது?” என்று கேட்டார் வெர்லின் ஸ்டோர்லி.

சமையலறை மேஜைமேல் படுக்கைவிரிப்பு, விரிப்பின்மேல் மடக்கித் திறந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, துப்பாக்கியின்மேல் குனிந்தபடி அவர். கைகளில் வெள்ளைப் பருத்திக் கையுறை. குழலின் ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்திருந்தார்.

ஆர்லிஸ் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. “எதை?”

“இதைத்தான்! உள்ள கரி இருக்கு.”

“துப்பாக்கின்னா கரி இருக்கத்தானே செய்யும்?”

வெர்லின் நிமிர்ந்தார். இத்தனை வருஷம் இப்படிப்பட்ட ஒருத்தியோடா குடித்தனம் நடத்தினோம் என்று கேட்டது அவர் முகம்.

“ஆர்லிஸ், இது துப்பாக்கி இல்ல. நினைவுத் துப்பாக்கி.”

நார்டால் ஏரி வாத்துப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் சுடுவதற்கு வாத்து குறையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக மற்றக் காலங்களில் வாத்துகளைப் பாதுகாக்கிற சங்கம். அதன் பொன்விழாவுக்கென்று ஒரு துப்பாக்கிக் கம்பெனியிடம் சொல்லிச் செய்து, உறுப்பினர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். பக்கவாட்டில் பொன்னால் ஒரு பச்சைத்தலை வாத்து பறக்கும். தலை உட்பட எல்லாமே பொன் என்பதால் பச்சை என்பதை நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் துப்பாக்கிக்கு மதிப்பு வருவது, துப்பாக்கி செய்கிற எதையும் அது செய்யாமல் இருப்பதால். சுடக்கூடாது. தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. அட்டைப்பெட்டியின் மூலைகூட மழுங்கக்கூடாது. இவ்வளவும் வெர்லின் சொன்னவை. அந்த வட்டாரத்தில் நினைவுத் துப்பாக்கிகளுக்கு மதிப்புச் சொல்கிற ஆள் அவர்தான். யாரும் நியமிக்கவில்லை. பயிர்க் காப்பீட்டில் வேலை பார்த்து, ஆலங்கட்டி மழையில் எல்லாம் போயிற்றே என்று நிற்கிற விவசாயியிடம் ‘அவ்வளவொன்றும் போகவில்லை’ என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் நாலு பேர் முகத்தை வாட வைக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

முறை எளிது. துப்பாக்கியை மடக்குவார். டார்ச் அடிப்பார். பெருமூச்சு விடுவார்.

“கரி. உங்க வீட்ல யாரோ சுட்டிருக்காங்க.”

“இல்லியே வெர்லின், யாருமே தொடலியே!”

“கரி பொய் சொல்லாது.”

அதற்குப்பின் அவர் போய்விடுவார். அந்த வீட்டில் யார் சுட்டது என்ற விசாரணை மட்டும் தங்கிவிடும். அப்பன் மகனைப் பார்ப்பான், அண்ணன் தம்பியைப் பார்ப்பான். பாதிரியார் தம் மைத்துனரை ஒரு வருஷம் முழுக்க ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் கரியில்லாத பொன்விழாத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் என்று வெர்லின் சொல்லுவார். தம்முடையது. அதை வாங்கிய நாளிலிருந்து பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை. அது கரியில்லாமல் இருக்கும் என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது எடுக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை, முன்னாள் படைவீரர் மண்டபத்தில் துப்பாக்கிக் கண்காட்சி. முதலிடம் பெறும் நினைவுத் துப்பாக்கி, வட்டார அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குப் போகும், கீழே உரிமையாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டோடு. யோசனை வெர்லினுடையது. பேழை வாசலுக்கு நேரெதிரே இருக்கவேண்டும் என்றதும் அவரே. தகட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பெயர் பொறிக்கிற பட்டறைக்குத் தாமே போய்க் காட்டிவிட்டு வந்திருந்தார். தீர்ப்புச் சொல்ல மட்டும் வெளியூர் நடுவர். உள்ளூர்க்காரர் சொன்னால் நாளைக்குப் பேச்சு வரும் பாருங்கள். போட்டிக்கு வரும் எல்லாக் குழலிலும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும் என்ற விதியும் அவர் எழுதியதுதான்.

“டுவேன்தான்,” என்றார் வெர்லின். “உன் தம்பி. அவனைத் தவிர யாரு?”

“எதுக்கெடுத்தாலும் என் தம்பி! பனி தள்ளறதுக்கு மட்டும் அவன் நல்லவன்.”

வெர்லின் தொலைபேசியை எடுத்தார்.

“டுவேன், உண்மையைச் சொல்லு. என் துப்பாக்கிய எடுத்து எப்ப சுட்ட?”

“அத்தான், அந்தப் பெட்டி இருக்கற ரூமுக்குள்ள போறதுக்கே நீங்க என்னைச் செருப்பைக் கழட்டச் சொல்வீங்க. நான் எங்க சுடறது?”

“கரி இருக்குடா!”

“அத்தான், என்கிட்டயே நாலு துப்பாக்கி இருக்கு. உங்களுதுல சுட்டா வாத்து கூடுதலாவா விழப்போகுது?”

“இனிமே என் மீன்பிடிக் குடிசைப் பக்கம் வராதே,” என்று வைத்துவிட்டார். உறைந்த ஏரியின்மேல் போடுகிற குடிசை அது; ஏரி உறைவதற்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தது. ஆனாலும் கோபத்தை அதுவரைக்கும் வைத்திருக்க அவரால் முடியாது.

“துடைச்சுட்டா போச்சு,” என்றாள் ஆர்லிஸ்.

“துடைக்கறதா! நானா! என்ன பேசற நீ? நினைவுத் துப்பாக்கியத் துடைக்கறவனை நான் ஊர் நடுவுல நிக்க வச்சு…” என்று சொல்லிக்கொண்டே போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

நீளக் கம்பியின் முனையில் துணியைச் சுற்றி, துப்புரவுத் திரவத்தில் முக்கி, குழல் இரண்டையும் இழுத்து இழுத்துத் துடைத்தார். கரி போயிற்று. குழல் கண்ணாடிபோல் ஆயிற்று. அப்போதுதான் அவருக்கு அவருடைய இன்னொரு சொற்பொழிவு நினைவுக்கு வந்தது. குழல் வாயில் மூக்கை வைத்துப் பாருங்கள், திரவத்தின் நெடி வந்தால் சுட்டுவிட்டுத் துடைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மூக்கை வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது.

“நாறுது ஆர்லிஸ்.”

“துணி உலர்த்தற மெஷின்ல போடற வாசனைத் தாள் இருக்கு. சுருட்டிச் சொருகி வை.”

சொருகி வைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தபோது துப்பாக்கியிலிருந்து அப்போதுதான் துவைத்த தலையணை உறை வாசனை வந்தது. லாவெண்டர். பொன்விழாத் துப்பாக்கியில் லாவெண்டர் வாசனை ஏன் வருகிறது என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வது?

“இப்ப என்ன பண்றது? நீதான சொன்ன!”

“வினிகர் போட்டா எந்த வாசனையும் போயிடும். ஊறுகாய்க்கு வாங்கினது இருக்கு. நான் சொன்னேன்னு அப்புறம் சொல்லாதே.”

வினிகர் போட்டதில் லாவெண்டர் போனது உண்மைதான். போகும்போது கொஞ்சம் சொட்டி வாத்தின்மேல் வழிந்துவிட்டது. பொன்வாத்து மழையில் நனைந்த வாத்தாக மங்கிவிட்டது. பளபளப்பு திரும்ப வரவேண்டும். வெர்லின் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. குளியலறைக்குப் போய்ப் பற்பசையை எடுத்துவந்து, விரல் நுனியில் மிகச் சிறிதளவு வைத்து, மிக மெதுவாகத் தேய்த்தார்.

வாத்து பளபளத்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். வாத்தின் தலை காணாமல் போயிற்று.

வெகுநேரம் துணியைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். அத்தனை வருஷமாக ‘அசல் தங்கம், உள்ளே பதித்தது’ என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த தங்கம், பெருமூச்சு விட்டால் பறந்துவிடுகிற கனத்தில் மேலே பூசியிருந்தது. அந்தக் கம்பெனியை, சங்கத்தை, அந்தப் பொன்விழாக் குழுவை, அதன் தலைவரை அவர் வாய்விட்டுத் திட்டினார். குழுவின் தலைவராக இருந்தவர் அவர்தான் என்று ஆர்லிஸ் ஞாபகப்படுத்தினாள்.

துப்பாக்கியில் இப்போது வினிகரும் பற்பசையும் சேர்ந்து, ஊறுகாயை நிறையத் தின்றுவிட்டுப் பல் தேய்த்துப் படுக்கப்போகிற ஆளின் வாசனை அடித்தது.

மறுநாள் காலையில் ஹார்லன் ட்வெட் வீட்டுக்குக் காரை விட்டார். ஹார்லன் மாட்டுப்பண்ணைக்காரர். பொன்விழாத் துப்பாக்கி வாங்கியவர்களில் ஒருவர். அதிலும் கரிதான், ஆனால் வாத்துக்குத் தலையாவது இருக்கும்; கரியைத் துடைத்துக்கொள்ளலாம். கடனாக வாங்கி, பேழைக்குள் வைத்துவிட்டால், பிறகு யார் வந்து துப்பாக்கியில் பொறித்த வரிசை எண்ணைச் சரிபார்க்கப் போகிறார்கள்?

“உன் பொன்விழாத் துப்பாக்கி இருக்கா ஹார்லன்?”

“இருக்கே. அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்க.”

வெர்லின் திரும்பினார். நாற்காலிக்கு அருகில் ஒரு நின்ற விளக்கு. குஞ்சம் வைத்த குடை. குடைக்குக் கீழே குழல். குழலுக்குள்ளிருந்து வந்த வயர், கட்டையில் துளை போட்டு வெளியேறிச் சுவருக்குப் போயிற்று. பொன்வாத்து சுகமாக வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தது. தலையோடு.

“அடப்பாவி! என்ன காரியம் பண்ணியிருக்க!”

“நானா பண்ணினேன்?” ஹார்லனின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “உள்ள கரி இருக்குன்னு சொன்னது நீ. இனிமே விளக்குக் கம்பத்துக்குத்தான் ஆகும்னு சொன்னதும் நீ. ஆக்கினேன். நல்லா எரியுது.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னதை…”

“கர்ட்டிஸ் சுட்டிருப்பான்னு சொன்னதும் ஒரு பேச்சுக்கா? என் மகன் பைபிள் மேல கை வச்சான் வெர்லின். நான் சுடலப்பான்னான். நான் அவனை நம்பல, உன் டார்ச்சை நம்பினேன். பொய் சொல்றவன் என் பண்ணைல இருக்க வேணாம்னுட்டேன். இப்ப பிஸ்மார்க்ல லாரி ஓட்டறான். கிறிஸ்துமஸுக்கு கார்டு வரும். உள்ள கையெழுத்து மட்டும் இருக்கும்.”

வெர்லினுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நீதி வேறு, சங்கடம் வேறு.

“கரி பொய் சொல்லாது ஹார்லன்,” என்றார்.

“காப்பி குடிச்சிட்டீன்னா கிளம்பு,” என்றார் ஹார்லன். காப்பி இன்னும் கொடுக்கவே இல்லை.

அடுத்தது மேவிஸ் எங்கெட். கணவர் கிளிஃபோர்ட் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறவர். கீழறையில், பெரிய குளிர்பெட்டிக்கு மேலே, தூசி படிந்த நீள அட்டைப்பெட்டி. கம்பெனி ஒட்டிய நாடா ஒட்டியபடியே இருந்தது. வெர்லின் நாடாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“கிளிஃபோர்ட் இதைத் திறக்கவே இல்லியா!”

“திறக்கலாம்னுதான் சொன்னேன். அவர்தான் வேணாம்னாரு. திறந்தா வெர்லின் டார்ச்சைத் தூக்கிட்டு வந்துடுவான், வந்தா நம்ம வீட்லயும் சண்டை வரும், மூடியே கிடக்கட்டும்னுட்டாரு.”

வெர்லின் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இனி சிக்கல் என்னவென்றால், இதை வாங்க வேண்டுமென்றால் மட்டமாகப் பேச வேண்டும். மட்டமாகப் பேசிப் பேசியே பழகிய வாய்தான், இருந்தாலும் நாளைக்கு இதே துப்பாக்கியை ஊர் முன்னால் உச்சியில் வைத்துப் பேசியாக வேண்டும்.

“மூடின பெட்டிக்குப் பெரிசா மதிப்பு கிடையாது மேவிஸ். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இருந்தாலும் கிளிஃபோர்ட் முகத்துக்காக…”

“எனக்குப் பணம் வேணாங்க. துப்பாக்கிதான் வேணும். சோளத்துல ரக்கூன் புகுந்து ஒரு கதிர் விடாம கடிச்சு வைக்குது. இதை எடுக்கலாம்னா, நாடாவக் கிழிக்க மனசு வரல. உங்களோடதைத் தாங்க, இதை எடுத்துட்டுப் போங்க.”

வெர்லின் காரிலிருந்து தம்முடையதை எடுத்துவந்தார். மேவிஸ் அதைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். வாத்தைத் தடவினார்.

“வாத்துக்குத் தலையக் காணோமே.”

“அது… கொஞ்சம்…”

“பரவால்ல. சமைக்கறதுக்குத் தயாரா இருக்கு.”

வெர்லின் பெட்டியைக் குழந்தைபோல் ஏந்தி நடந்தார். வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், “பத்திரமா வச்சுக்கங்க மேவிஸ், சுட்டீங்கன்னா மதிப்பு…” என்று ஆரம்பித்தார். கார்க் கதவைச் சாத்துவதற்குள் பின்பக்கம் வெடி கேட்டது. உடனே இன்னொன்று. தம் விலா எலும்பிலேயே பட்டதுபோல் குனிந்தபடி காரை ஓட்டிப் போனார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆர்லிஸும் மேவிஸும் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டுவேன் சுவரோரம் நின்றான். ஹார்லன் நின்றார். மேடைமேல், பட்டுத்துணி போட்ட மேஜையில், வெர்லினின் பெட்டி. பக்கத்திலேயே அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. வருகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்தார்.

நடுவர் பிரிட்சர்ட், அயோவாவிலிருந்து வந்தவர். ஒல்லி. அதிகம் பேசாத ஆள். மற்றத் துப்பாக்கிகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு இங்கே வந்தார்.

வெர்லின் மைக்கைப் பிடித்தார். “நண்பர்களே, நினைவுத் துப்பாக்கின்னா என்னன்னு இத்தனை வருஷமா உங்களுக்கு வாயால சொல்லிட்டு வந்தேன். இன்னிக்குக் கண்ணால பாருங்க. இந்தப் பெட்டிய நான் ஒரு நாள்கூடத் திறந்ததில்லை!”

“அது நெசம்தான்,” என்றாள் ஆர்லிஸ், தட்டைப் பார்த்தபடியே. “இந்தப் பெட்டிய அவர் திறந்ததே இல்ல.”

பிரிட்சர்ட் நாடாவை விரலால் தடவிப் பார்த்தார். தலையை அசைத்தார். சிறு கத்தியால் கீறினார். எண்ணெய்த் தாளை விலக்கி, துப்பாக்கியை எடுத்து மடக்கி, டார்ச்சை வைத்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

“ம்,” என்றார்.

“பாத்தீங்களா? எப்படி? கண்ணாடி மாதிரி இல்ல?”

“நீங்களே பாருங்க,” என்று பிரிட்சர்ட் அதை நீட்டினார்.

வெர்லின் பார்த்தார். ஒரு குழலில் பார்த்தார். இன்னொரு குழலில் பார்த்தார். இரண்டிலும், இழைஇழையாக, கரி.

அவர் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு எல்லாம்.

“சுட்டிருக்கான்!” மைக் இன்னும் வாய்க்கு நேராக இருந்தது. “படுபாவி, சுட்டுட்டுத் திருப்பி ஒட்டி வச்சிருக்கான்! கிளிஃபோர்ட்! செத்தும் ஏமாத்திட்டான்!”

பலகாரத் தட்டு டமாலென்று மேஜையில் விழுந்தது. “வாயை அளந்து பேசுங்க!” என்றார் மேவிஸ். “கம்பெனி ஒட்டின நாடா அது. நேத்து நீங்களே தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க!”

“இரு இரு,” என்றார் ஹார்லன். “அது மேவிஸோட பெட்டியா? அப்ப உன்னுது எங்க?”

“என் சோளக்கொல்லையில,” என்றார் மேவிஸ். “நேத்தே வேலைக்குப் போயிடுச்சு.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நார்டாலில் பொதுவாக யாரும் முகத்துக்கு நேரே சிரிக்கமாட்டார்கள். காப்பிக் கோப்பைக்குள் சிரிப்பார்கள். இன்றைக்கு கோப்பையை எடுக்கவே யாருக்கும் தோன்றவில்லை.

“ஆமாய்யா, மாத்தினேன்!” என்று கத்தினார் வெர்லின். “என்னுதுலயும் கரி இருந்துச்சு! இவன் பண்ணினது!” டுவேனைக் காட்டினார். “என் கையாலயே துடைக்க வச்சுட்டான்! வினிகர் போட வச்சான்! பற்பசை போட வச்சான்!”

“பற்பசையா?” என்றான் டுவேன். “அத்தான், நான் ஒரு போன்தான் பேசினேன்.”

“என்ன ஊருய்யா இது! பாதிரியார் வீட்ல கரி! ஹார்லன் வீட்ல கரி! செத்தவன் வீட்ல, ஒட்டின பெட்டிக்குள்ள கரி! கடைசில என் வீட்லயும் கரி! ஒரே ஒருத்தனுக்காவது கை அரிக்காம இருக்குதா?” அவர் நியாயம் கேட்டு நடுவரின் பக்கம் திரும்பினார். “நீங்க எத்தனையோ ஊரு பாத்தவரு. நீங்களே சொல்லுங்க. கரியில்லாம ஒரு துப்பாக்கிய வச்சிருக்கற யோக்கியன் உலகத்துல ஒருத்தன்கூட இல்லியா?”

பிரிட்சர்ட் அவரைப் புரியாமல் பார்த்தார். டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இருந்தா அவன்தாங்க திருடன், கம்பெனியில ஒவ்வொரு துப்பாக்கியையும் ரெண்டு தடவை சுட்டுப் பாத்துட்டுத்தானே பெட்டியில போடறாங்க, அந்தக் கரி யாரும் துடைக்காம அப்படியே இருக்கான்னு பாக்கத்தான் நான் டார்ச்சே அடிக்கிறேன்.”